களைவரிசையில் நடந்த அமெரிக்கச் சண்டை

அமெரிக்காவின் உள்நாட்டு யுத்தத்தை எங்கள் வயலுக்குள் கொண்டுவரலாம் என்ற யோசனை, களை பிடுங்கும் பெண்களின் வரிசை நடுவயலில் நிமிர்ந்து நின்றுவிட்ட ஒரு காலையில் எனக்கு வந்தது. அன்று வரிசை நின்றதற்குக் காரணம் ஒரு கத்தரிக்காய்க் குழம்பு. வாய்க்கார மாமி, தன் மருமகள் புளி விடாமல் குழம்பை இறக்கிய விதத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார். கதை சொல்ல அவருக்கு இரண்டு கைகளும் வேண்டும். ஒரு கை சட்டி, மறு கை மருமகள். களைக்குக் கை மிஞ்சவில்லை. அவர் நிமிர, பக்கத்தில் நின்றவர் நிமிர, ஒருவர் பின் ஒருவராக வரிசை முழுவதும் நிமிர்ந்து புளியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிற்று.

நான் குடையுடன் வயல் வரம்பில் நின்றேன். எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பெண்ணை வேறு எங்கே நிறுத்துவது? அப்பா உழுவார், விதைப்பார், அதோடு அந்த ஆண்டுக்கான தன் கடமை முடிந்தது என்று சாய்மனைக் கதிரையில் பத்திரிகையோடு படுத்துவிடுவார். மிச்சமெல்லாம் அம்மா. அம்மா எனக்குத் தந்த கட்டளை ஒன்றே ஒன்றுதான். “வரிசை குனிஞ்சபடி இருக்கோணும். நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரிந்ததெல்லாம் சரித்திரம். அதிலும் நன்றாகத் தெரிந்தது பாடத்திட்டத்தில் இல்லாத அந்த யுத்தம். எங்கள் சரித்திர ரீச்சர் கண்டி ராசாக்களைப் படிப்பிக்க வேண்டிய பாடவேளைகளில் அதைத்தான் சொன்னார். கரும்பலகையில் படம் கீறி, சோக்குத் துண்டுகளைப் படைகளாக அடுக்கி, குரல் அடைக்கச் சொன்னார். சண்டை முடியப்போகிற நேரத்தில், விடுதலையான அடிமைகளுக்குக் காணி கொடுக்கும்படி ஒரு தளபதி உத்தரவிட்ட இடத்தில் மணி அடித்தது. அடுத்த கிழமை ரீச்சருக்கு முல்லைத்தீவுக்கு மாற்றம். புதிதாக வந்தவர் கண்டி ராசாக்களிடம் திரும்பிப் போய்விட்டார். எங்கள் வகுப்பைப் பொறுத்தவரை அமெரிக்கா இன்றைக்கும் அந்த மணி அடித்த இடத்திலேதான் நிற்கிறது.

நான் இதில் ஒருவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ், காடு வெட்டி அரசாங்கம் காணி கொடுத்த எங்கள் குடியேற்றத்தில் ஓர் அச்சுத்தாள் வந்தால், அது கைமாறிக் கைமாறிக் கடைசியில் கருவாடு சுற்றப்படும்வரை வாசிக்கப்படும். ஆனால் ஒருவரைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். வரிசையின் கடைசியில், வரம்பை ஒட்டி நிற்பவர். அவரை வரம்பு அக்கா என்று எழுதுகிறேன். புருசன் காய்ச்சலில் செத்துப்போனார். இரண்டு பெண்பிள்ளைகள். வாய்க்கால் கரையில், அரசாங்கம் ஒதுக்கிவைத்த நிலத்தில் ஒரு கொட்டில். அதைப் பிடுங்கிக்கொண்டு போகச் சொல்லி வாய்க்கால் மேற்பார்க்கும் ஓவசியர் வந்து சொல்லிவிட்டார். புதிதாக வெட்டித் திறக்கும் பகுதியில் ஒரு துண்டு கேட்டு அவர் மனுப் போட்டிருந்தார். களை முடிந்த கையோடு, அதிகாரிகள் மனுக்களை விசாரித்துக் காணி பங்கிடும் காணிக் கச்சேரி வரவிருந்தது. அங்கே துண்டு கிடைத்தால் இருப்பிடம். கிடைக்காவிட்டால் பிள்ளைகளோடு ரோட்டு.

இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் பழைய ஊரில் அவருடைய சனம் படலைக்கு வெளியே நின்று, அம்மாவை நாச்சியார் என்று கூப்பிடும். குடியேற்றத்துக்கு வந்த பிறகு அவர் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அம்மாவுக்கு அது இன்னும் காதில் பழகவில்லை. கூப்பிட்டால் கொஞ்சம் பிந்தித்தான் திரும்புவார். தேத்தண்ணீர் மற்றவர்களுக்குத் தகரப் பேணியிலும் வரம்பு அக்காவுக்குச் சிரட்டையிலும் போனது.

ஆக, புளிக் குழம்பைக் கலைப்பதற்காக நான் உரத்துத் தொடங்கினேன். “ஒரு பெரிய நாடு. அதில ரெண்டு பக்கம். வடக்கு ஒண்டு, தெற்கு ஒண்டு. ரெண்டுக்கும் சண்டை.”

“நாங்கள் வடக்கு” என்றார் மாமி உடனே.

“மாமி, இது அமெரிக்கா.”

“எங்கயெண்டா என்ன? வடக்கு வடக்குத்தான். நீ சொல்லு, நாங்கள் வெண்டமோ?”

முழு வரிசையும் வடக்கில் சேர்ந்துகொண்டது. எனக்கு நல்ல சந்தோசம். ஆனால் பிரிந்து போகக் கேட்டது தெற்கு என்று சொன்னதும் பெரும் குழப்பம். அப்போது கிளிநொச்சிச் சந்தியில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். ஆண்கள் தமிழ்ப் பகுதிகளுக்குச் சமஷ்டி ஆட்சி கேட்டுக் கத்திவிட்டுத் தொண்டை கட்டி வீட்டுக்கு வருவார்கள். அந்தத் தொண்டைகளுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தவர்கள்தான் இந்தப் பெண்கள்.

“சேர்ந்திருக்க ஏலாதெண்டா விலகிப் போறதுதானே முறை?” என்றார் ஒருவர். “அப்ப தெற்குச் செய்தது சரி.”

“பொறடி. பிள்ளை, அங்க சமஷ்டிக்காரர் எந்தப் பக்கம்?”

“வடக்கு. வடக்குப் படைக்குப் பேரே சமஷ்டிப் படைதான்.”

“அப்ப சமஷ்டிக்காரரோ பிரிய விடமாட்டன் எண்டு நிண்டது?”

“ஓம்.”

மாமி பிடுங்கிய கோரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “அந்த நாட்டில எல்லாம் மாறிக் கிடக்கு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தெற்குக்கு மாறினார். அவரோடு பாதி வரிசை மாறிற்று. மிச்சப் பாதி, ஒருக்கால் சேர்ந்த கட்சியை விடமாட்டோம் என்று நின்றது. களை அப்படியே கிடந்தது. அம்மா தூரத்தில் வந்துகொண்டிருந்தார்.

அதுவரை வாய் திறக்காத வரம்பு அக்கா குனிந்தபடியே கேட்டார். “பிள்ளை, தெற்கு ஏன் பிரிஞ்சு போகக் கேட்டது?”

“அடிமை வைச்சிருக்க. வடக்கு அதை நிப்பாட்டிப்போடும் எண்ட பயம்.”

மாமி, “நான் முதலே வடக்குத்தானே” என்று முணுமுணுத்துக்கொண்டு குனிந்தார். அம்மா வந்தபோது வரிசை குனிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் யுத்தம். சண்டைச் சேதிகளுக்கும் களைக்கும் இருக்கும் தொடர்பை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். படைகள் ஓடும்போது வரிசையும் ஓடும். குதிரைகள் ஆற்றைக் கடக்கும்போது வரிசை வாய்க்காலைத் தொட்டுவிடும். வடக்குப் படை தெற்கின் தண்டவாளங்களைக் கழற்றி, நெருப்பில் காய்ச்சி, மரங்களில் சுற்றிவிட்டுப் போனது என்று நான் சொன்ன நாளில், அடுத்த நாளுக்கென்று விட்டிருந்த துண்டும் முடிந்துவிட்டது. “தண்டவாளத்தைச் சுத்துறதோ, இடியப்பம் மாதிரியோ?” என்று மாமி கேட்டபடியே பிடுங்கிக்கொண்டு போனார்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா விசாரிப்பார். “இண்டைக்கு என்ன சொன்னனீ?”

“ஒரு பெரிய சண்டை. மூண்டு நாள் நடந்தது.”

“நாளைக்கும் அதையே சொல்லு.”

“அது முடிஞ்சுதம்மா. நாளைக்கு ஜனாதிபதி, செத்த ஆக்களைத் தாட்ட இடத்தில நிண்டு பேசுறார்.”

“பேச்சு வேண்டாம். பேச்சுக்கு ஆரும் குனியாயினம்.”

“சின்னப் பேச்சுத்தான்.”

“சின்னதெண்டாத் தேத்தண்ணி நேரத்தில சொல்லிப்போடு. பிடுங்கிற நேரத்தில சண்டையைச் சொல்லு.”

அடிமைகளைச் சந்தையில் நிறுத்தி, வாயைத் திறந்து பல் பார்த்து, தாயை ஒருவனுக்கும் பிள்ளையை இன்னொருவனுக்கும் விற்றதை நான் சொன்ன நாளில், அம்மா தேத்தண்ணீர்க் கேத்திலோடு அடுத்த வரம்பில் வந்துகொண்டிருந்தார். வரம்பு அக்கா நிமிராமல் சொன்னார். “எங்கட பூட்டியை, அம்மம்மான்ர தாயை, சீதனத்தோட குடுத்தவையாம். ரெண்டு பரப்பு வயல், ஒரு பனங்காணி, அட்டியல் ஒண்டு, பேந்து பூட்டி.”

“ஆர் வீட்டுச் சீதனத்தில?” என்றார் மாமி.

“வீடு தெரியேல்லை. அக்காவையின்ர ஊர்ப்பக்கந்தான்.”

அம்மா கேத்திலைக் கீழே வைத்துவிட்டுக் குடையை விரித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

மறுநாள் நான் பேணிகளை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு கடகம் நிறையச் சிரட்டைகளோடு வயலுக்குப் போனேன். எல்லோருக்கும் சிரட்டையில் தேத்தண்ணீர். அம்மாவுக்கும் ஒன்று. அவர் அதை வாங்கி, விளிம்பைத் தடவிப் பார்த்து, என்னைப் பார்த்து, குடித்தார். “நாளைக்கும் பேணி மறந்தால் உனக்குச் சோறு போட நான் மறந்துபோவன்” என்றார். அதற்கு மறுநாள் அம்மாவே பேணிகளைக் கொண்டுவந்தார். வரம்பு அக்காவுக்கும் ஒன்று சேர்த்து எண்ணிக்கை சரியாக இருந்தது. மாமி தன் பேணியைத் தூக்கிப் பார்த்து, “எனக்குச் சிரட்டைதான் சூடு தாங்கும்” என்றார்.

இப்படியே தெற்கு தோற்கத் தொடங்கி, அடிமைகள் விடுதலையாகி, களையும் கடைசித் துண்டுக்கு வந்தது. நான் ரீச்சரின் மணி அடித்த இடத்தை நெருங்கினேன்.

“தளபதி உத்தரவு போட்டார். விடுதலையான ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாற்பது ஏக்கர் காணி.”

வரிசை நிமிர்ந்தது. நான் பழிசொல்லவில்லை. எங்கள் குடியேற்றத்தில் மூன்று ஏக்கர் வயலுக்காகச் சொந்தத் தம்பியோடு கதையாமல் இருப்பவர்கள் உண்டு.

“நாற்பதோ? மெய்யே?”

“மெய்தான். அதோட ஒரு கோவேறு கழுதையும்.”

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கழுதை என்ற சொல் விழுந்ததும் நாற்பது ஏக்கரின் மதிப்புப் பாதியாகிவிட்டது. மன்னார்ப் பக்கம் கழுதை கண்டவர் ஒருவர் வரிசையில் இருந்தார். அது உப்புச் சுமக்கும், மற்றப்படி ரோட்டில் நிற்கும், அவ்வளவுதான் என்றார்.

“அது கழுதை இல்லை” என்று நான் விளக்கினேன். “தாய் குதிரை, தேப்பன் கழுதை.”

“உந்தச் சம்பந்தத்தை ஆர் பேசினது?” என்றார் மாமி.

“உழவுக்கு நல்லது. ஆனால் அதுக்குக் குட்டி பிறக்காது.”

“குட்டி பிறக்காத சாமானை அரசாங்கம் ஏன் குடுக்குது? இல்லைப் பிள்ளை. அது எருமையாத்தான் இருக்கும். உன்ர ரீச்சர் பட்டணத்துப் பிள்ளை, மாறிச் சொல்லியிருப்பா.”

நான் எவ்வளவோ வாதாடினேன். பின்னேரத்துக்குள் அமெரிக்காவில் நாற்பது ஏக்கரும் ஒரு சோடி எருமையும் கொடுக்கிறார்களாம் என்ற செய்தி குடியேற்றம் முழுவதும் பரவிவிட்டது. சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, அங்கே மனுப் போடக் கடைசித் தேதி எப்போது என்று அப்பாவைக் கேட்டாராம்.

ஆனால் வரம்பு அக்கா எருமைப் பேச்சில் சேரவில்லை. “பேந்து?” என்றார்.

“பேந்து தெரியாது. ரீச்சருக்கு மாற்றம் வந்திட்டுது.”

“குடுத்த காணியில சனம் இருந்துதோ?”

“இருந்திருக்கும்.”

“இருந்திருக்கும் எண்டால்?”

வரம்பு அக்கா இடுப்பை நிமிர்த்தி, கையிலிருந்த சேற்றை வழித்தார். “நான் இதைக் கச்சேரியில சொல்லப்போறன். அடிமையாக் கிடந்த சனத்துக்குக் காணி குடுத்த நாடு ஒண்டு இருக்கு, நீங்களும் தாங்கோ எண்டு கேக்கப்போறன்.”

வரம்பில் நின்ற அம்மாவுக்கு இது கேட்டது. அம்மா யுத்தம் முழுவதும் வந்துபோனவர்தான். ஆனால் வேகத்தைப் பார்த்தாரே தவிர, கதையைக் கேட்டவர் அல்ல. ஆகவே மனதில் வந்ததை அப்படியே சொன்னார்.

“எல்லாருக்கும் காணியைக் குடுத்தால் என்ர வயலுக்கு ஆர் களை பிடுங்கிறது?”

மாமி தலையைத் தூக்காமல், “தெற்கு வந்திட்டுது” என்றார்.

“என்னடி தெற்கு?”

எல்லோரும் மிகவும் மும்முரமாகக் குனிந்து களை பிடுங்கினார்கள். குனிந்த முதுகுகள் குலுங்கின. வரம்பு அக்காவின் முதுகு மட்டும் குலுங்கவில்லை.

அன்று இரவு குசினியில் அம்மா மீன் பொரித்துக்கொண்டு கேட்டார். “ஏன் சிரிச்சவளவை?” நான் சொன்னேன். தெற்கில் காணி வைத்திருந்தவர்கள் கேட்டதும் அதே கேள்விதான் என்று சொன்னேன்.

“நான் ஆரையும் வித்தனானே?”

“இல்லை.”

“பின்னை?”

அதற்குள் மீன் கருகிவிட்டது. அம்மா அதை அப்படியே என் சோற்றில் போட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பெண் தன் பிள்ளைகளின் இருப்பிடத்துக்காக, நான் பாதியில் விட்ட கதையைப் பிடித்துக்கொண்டு கச்சேரிக்குப் போகப்போகிறார். மிச்சப் பாதியில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சனிக்கிழமை, கருவாடு வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, பரந்தனுக்குப் போய் முல்லைத்தீவு பஸ் ஏறினேன்.

ரீச்சர் கடற்கரைக்குக் கிட்ட, வலைக்காரக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை எடுத்து இருந்தார். நான் போனபோது பின்பக்கம் குந்தியிருந்து இறால் கோது கழற்றிக்கொண்டிருந்தார். ரீச்சரின் சொந்த வீட்டார் முட்டைகூடச் சேர்க்காத ஆட்கள். என்னைக் கண்டதும் சட்டியை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

“எங்கட வீட்டில சொல்லிப்போடாதை.”

“சொல்ல மாட்டன். ரீச்சர், காணி குடுத்த பிறகு என்ன நடந்தது?”

“எந்தக் காணி?”

“அமெரிக்காவில.”

வீட்டுக்கார அம்மா கிணற்றடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அமெரிக்காவில் எனக்குக் காணி வழக்கு இருக்கிறதென்று நினைத்திருப்பார். ரீச்சருக்கு நினைவு வர ஒரு கைப்பிடி இறால் பிடித்தது. வந்ததும் பழைய குரல் வந்துவிட்டது. கையில் இருந்த இறால்கள் படைகளாகின.

“ஜனாதிபதியைச் சுட்டுப்போட்டாங்கள். அதுக்குப் பிறகு வந்தவர் காணியைப் பழைய சொந்தக்காரருக்கே திருப்பிக் குடுத்திட்டார்.”

“எல்லாத்தையுமோ?”

“பெரும்பாலும். சனம் உழுது விதைச்சுப்போட்டு நிண்டது, எழும்பு எண்டாச்சு. பேந்தென்ன, அதே காணியில அதே முதலாளிக்கு விளைச்சலில பங்கு குடுத்து வாரத்துக்குச் செய்தது.”

“ஏன் விட்டவை?”

“கையில காணி உறுதிப் பத்திரம் இல்லையே. தளபதியின்ர உத்தரவு ஒண்டுதான். அந்த உத்தரவைப் பெரியவர் ரத்துச் செய்தால் முடிஞ்சுது.” அவர் ஒரு பெரிய இறாலைத் தனியாக எடுத்து வைத்தார். “ஆனால் சும்மா இருக்கேல்லை. பள்ளிக்கூடங்கள் கட்டிச்சினம். பேரப்பிள்ளையளோட கிழவியளும் இருந்து எழுத்துப் படிச்சவை. வோட்டுப் போட்டிச்சினம், சபையளுக்கும் போச்சினம். அதையும் கொஞ்சக் காலத்தில பறிச்சுப்போட்டாங்கள். அந்த வேலை இன்னும் முடியேல்லை எண்டுதான் பேப்பரில கிடக்கு.”

“ரீச்சர், மாற்றம் வாறதுக்கு முன்னம் இன்னும் ஒரு பாடவேளை இதுக்கு எடுத்திருக்கலாம்.”

“கண்டி ராசாக்களையே நான் முடிக்கேல்லை” என்றார் அவர், உண்மையான கவலையோடு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. கருவாட்டு மணம் அப்படி. வழியில் ஏறிய ஒருவர் இருந்து பார்த்துவிட்டு எழும்பிப் போனார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. வரம்பு அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று வழி முழுவதும் ஒத்திகை பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கடைசியில் காணி போய்விடுகிறது.

மறுநாள் அவருடைய கொட்டிலுக்குப் போய்ச் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அழுவார் அல்லது என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணக்குப்பிள்ளை மாதிரிக் கேள்வி கேட்டார்.

“உறுதி குடுக்கேல்லை?”

“இல்லை.”

“குடுத்த காணி ஆர் பேரில?”

“குடும்பத் தலைவர் பேரிலயாக்கும்.”

“ஆம்பிளை செத்தால்?”

“தெரியாது அக்கா.”

“உனக்குத் தெரியாதது கனக்க இருக்குப் பிள்ளை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிடி கீரையை எனக்கும் கட்டித் தந்தார்.

காணிக் கச்சேரி பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வாங்குகள் நிரம்பி, யன்னல்களிலும் ஆட்கள் தொங்கினார்கள். மேசைக்குப் பின்னால் காணிக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி ஐயா, கண்ணாடி போட்ட இளம் ஆள். பக்கத்தில் கிராம அதிகாரியான விதானையார் பெயர் கூப்பிட்டார். வெளியூரில் வேலையிலிருக்கும் என் அண்ணாவுக்கு ஒரு துண்டு கேட்க அம்மா முன்வாங்கில் இருந்தார். அப்பா பின்னால், சுவரில் சாய்ந்தபடி. நான் அம்மாவுக்குப் பக்கத்தில்.

வரம்பு அக்காவின் முறை வந்தது.

“ஆம்பிளை?” என்றார் ஐயா.

“செத்துப்போனார்.”

“ஆம்பிளைப் பிள்ளை?”

“ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள்.”

“உழவு மாடு?”

“இல்லை.”

“அப்ப என்னெண்டு வயல் செய்வீங்கள்?”

“ஐயா, அமெரிக்காவில அடிமையா இருந்த சனத்துக்குக் காணியோட எருமையும் குடுத்தவை.”

ஐயா பேனையைக் கீழே வைத்தார். “எருமை இல்லை. கோவேறு கழுதை.”

யன்னலில் தொங்கிய மாமி, “ஐயாவும் அந்த ரீச்சரிட்டத்தான் படிச்சிருப்பார்” என்றார். மண்டபம் சிரித்தது. ஐயாவும் சிரித்தார். வரம்பு அக்கா சிரிப்பு ஓயும்வரை பொறுத்தார்.

“என்னவாயிருந்தாலும் பேந்து எல்லாத்தையும் பறிச்சுப்போட்டாங்கள் ஐயா. அந்தச் சனத்தின்ர கையில உறுதி இல்லை. எனக்கு மாடு வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பத்திரத்தில என்ர பேர் இருக்கோணும். எனக்குப் பிறகு பிள்ளையளின்ர பேர் இருக்கோணும்.”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கந்தோர் கந்தோர்தான். “நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் களை பிடுங்கிறது வேற, வயல் செய்யிறது வேற. கூலிக்குக் களை பிடுங்கின ஆளிட்ட வயலைக் குடுத்தால் அது காடாத்தான் கிடக்கும்.”

அப்போதுதான் அம்மா எழும்பினார். ஏன் எழும்பினார் என்று இன்னும் அவருக்கே தெரியாது. என் ஊகம் இது: எங்கள் வயலைப் பற்றிக் குடியேற்றத்தில் எவரும் குறை சொன்னதில்லை. அந்த வயலில் வேலை செய்த ஆளுக்கு வயல் தெரியாது என்று ஊரார் முன்னால் ஒருவர் சொன்னது, அம்மாவுக்குத் தன் வயலைச் சொன்னது மாதிரிக் கேட்டிருக்கும்.

“ஏன் ஐயா வேற? என்ர வயலை வந்து பாத்தனீங்களோ? போன மாரி நெல்லுக்குள்ள நெல்லு மாதிரியே நிக்கிற நெற்சப்பிக் களை கிடக்கெண்டு நாத்துப் பருவத்திலயே கண்டுபிடிச்சது இவா. வரம்பு உடைஞ்சால் கட்டுறது இவா. தண்ணி மாறுறது இவா. என்ர மனுசன் கதிரையில.”

எல்லாத் தலைகளும் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தன. அப்பா சாய்ந்திருந்ததை விட்டு நேராக நின்றார்.

“அப்படியெண்டால்” என்றார் ஐயா மெதுவாக, “இவ தன்ர காணிக்குப் போனால் உங்கட வயலுக்கு ஆர் களை பிடுங்கிறது?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“அதை நான் பாப்பன்” என்றார் அம்மா. “உழவுக்கு எங்கட எருமைச் சோடி இருக்கு. முதல் எங்கட உழவு, அடுத்தது இவான்ர. எழுதுங்கோ.”

ஐயா பக்கத்திலிருந்த கிளாக்கரோடு நெடுநேரம் குசுகுசுத்தார். ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். பிறகு எழுதினார். வரம்பு அக்காவின் பெயரில், வாய்க்காலின் கடைசியில் ஒரு துண்டு. நிபந்தனை ஒன்று: வருகிற மாரிப் போகத்துக்குள் காட்டை வெட்டி விதைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி ரத்து. அக்கா அந்த நிபந்தனையை இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். பிறகு அனுமதிப் பத்திரத்தை வாங்கி மடித்து மடியில் செருகினார்.

அண்ணாவின் மனு அடுத்த கச்சேரிக்கு என்று தள்ளிப்போயிற்று. வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா தன்னோடு தானே சண்டை பிடித்துக்கொண்டு வந்தார். “வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு நல்ல ஆளை நானே எழுப்பி விட்டிட்டன்.”

“நல்லாத்தான் கதைச்சனீர்” என்றார் அப்பா.

“நீங்கள் ஒண்டும் கதையாதையுங்கோ.”

போன கிழமை நாங்கள் அந்தத் துண்டைப் போய்ப் பார்த்தோம். பாலை மரமும் வீரை மரமும் நிற்கின்றன. நடுவில் யானை போன தடம். அம்மா கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் போய் நின்று மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். “மண் திறம்” என்றார். கொஞ்சம் பொறாமையோடுதான். மாமி ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து, எது யார் வீட்டுக் கோடாலிக்கு என்று பங்கு பிரித்தார். காடு வெட்ட ஆள் சேர்ந்துவிட்டது. தறித்ததை வெயிலில் காயவிட்டுக் கொளுத்த வேண்டும்.

தண்ணீர்தான் சேராதது. முறைத் தண்ணீர் வாய்க்காலின் தலைப்பில் தொடங்கி, ஒவ்வொரு வயலாக நிரம்பிக் கீழே வரும்போது, கடைசித் துண்டுக்கு ஈரம் மட்டும்தான் மிஞ்சும். பத்திரத்தில் பெயர் இருந்தும் விதைக்க முடியாமல் போனால், அது பறிபோவதற்குத் தளபதியும் தேவையில்லை, ஜனாதிபதியும் தேவையில்லை. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் முறையைத் தீர்மானிக்கும் கமக்காரர் கூட்டத்தில் நான் எழும்பிப் பேசப்போகிறேன். அந்தக் கூட்டத்தில் இதுவரை ஒரு பெண்ணும் பேசியதில்லை. அமெரிக்காவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று வரம்பு அக்கா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் கேட்கப்போவது இதுதான்: வருகிற மாரியில் முதல் முறைத் தண்ணீர் கடைசித் துண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

தலைப்பில் வயல் வைத்திருப்பவர்கள் ஒருவரும் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள். தலைப்பிலே முதல் வயல் எங்களுடையது. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில், பத்திரிகை வருவதற்கு முன்னம் அவரைப் பிடிக்க வேண்டும்.